பயோரெசனன்ஸா, ஸ்கின் பிரிக் டெஸ்டா? இரண்டுக்கும் கை நீட்டியவனின் அலசல்

காலையில் எழுந்ததும் பதினைந்து, இருபது தும்மல். அப்புறம் மூக்கடைப்பு, கண் அரிப்பு. பத்து மணிக்குள் எல்லாம் அடங்கிவிடும். மறுநாள் மறுபடியும் முதலிலிருந்து. இரண்டு வருடம் செட்டிரிசின் என்ற அலர்ஜி மாத்திரையை வைத்தே ஓட்டினேன். எந்தப் பொருள் இந்தப் பாடு படுத்துகிறது என்று தெரிந்துகொண்டே தீர வேண்டும் என்று ஒருநாள் தோன்றியது. உடலின் அதிர்வை வைத்து ஒவ்வாமையைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் பயோரெசனன்ஸ் சோதனைக்குப் போகச் சொன்னார் தெரிந்தவர் ஒருவர். காது மூக்கு தொண்டை மருத்துவர் ஸ்கின் பிரிக் டெஸ்ட், அதாவது தோலில் குத்திப் பார்க்கும் சோதனை, எழுதிக் கொடுத்தார். நான் முதலில் போனது பயோரெசனன்ஸுக்கு. இன்று யாராவது கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன். அதனால் இதை நடுநிலைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வசதியைப் பொறுத்தவரை பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. பயோரெசனன்ஸில் வலி கிடையாது, உட்கார்ந்திருந்தால் போதும், நூற்றுக்கு மேற்பட்ட பொருள்களின் பட்டியல் கையோடு கிடைக்கும். குத்துச் சோதனையில் சந்தேகப்படும் பொருள்களின் கரைசலை முன்கையில் வரிசையாகச் சொட்டு வைத்து, ஒவ்வொன்றின் மேலும் லான்செட் என்ற சின்ன ஊசியால் லேசாகக் குத்துவார்கள். எறும்பு கடித்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். பதினைந்து, இருபது நிமிடம் சொறியாமல் இருப்பதுதான் கஷ்டம். வலிக்குப் பயந்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற அளவுக்கு இதில் எதுவும் இல்லை.

பயோரெசனன்ஸ் எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் பார்க்கலாம். நான் போய்விட்டு வந்த பிறகுதான் இதையெல்லாம் படித்தேன். வரிசை தலைகீழாகிவிட்டது. ஜெர்மனியில் 1977இல் ஃபிரான்ஸ் மொரெல் என்ற மருத்துவரும் அவருடைய மருமகனான எரிக் ராஷே என்ற பொறியாளரும் இதைத் தொடங்கினார்கள். இரண்டு பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து 'மோரா' சிகிச்சை என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் சொன்ன கருத்து இது: உடலின் ஒவ்வொரு செல்லும் மின்காந்த அதிர்வை வெளியிடுகிறது, நோய் வந்தால் அதிர்வு கெட்டுப்போகிறது. கருவி அந்தக் கெட்ட அதிர்வைப் பிடித்து, தலைகீழாகத் திருப்பி உடலுக்குள் அனுப்பினால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். இரைச்சலை அமுக்கும் ஹெட்போன் வேலை செய்வதும் இப்படித்தான் என்பதால், கேட்கும்போது நம்பும்படி இருக்கிறது. ஹெட்போன் விஷயத்தில் இரைச்சல் என்ற ஒன்று உண்மையாகவே இருக்கிறது, மைக் அதைப் பதிவு செய்கிறது. இங்கே ஒவ்வாமைக்கென்று ஒரு தனி அதிர்வு உடலிலிருந்து வருவதை யாரும் அளந்து காட்டியதில்லை.

சரி, கருவி எதைத்தான் அளக்கிறது? தோலின் மின்தடையை. 1950களில் ரைன்ஹோல்ட் ஃபோல் என்ற ஜெர்மானிய மருத்துவர் அக்குபங்சர் புள்ளிகளில் மின்தடையை அளந்து நோய் சொல்லும் முறையைக் கொண்டுவந்தார். பின்னால் வந்த வெகாடெஸ்ட் என்ற கருவியும் அதே வழியில் வந்ததுதான். சந்தேகப்படும் பொருளை மூடிய கண்ணாடிக் குப்பியில் போட்டு மின்சுற்றில் வைப்பார்கள். விரல் நுனியில் உலோக முனையை அழுத்துவார்கள். கருவியின் முள் இறங்கினால் அந்தப் பொருள் உடலுக்கு ஆகாது என்று அர்த்தம். தோலின் மின்தடை உண்மையான, அளக்கக்கூடிய விஷயம். ஆனால் வியர்வை, ஈரம், முனையை அழுத்தும் வேகம் என்று எல்லாவற்றுக்கும் அது மாறும். குப்பிக்குள் மூடிக் கிடக்கும் மகரந்தத்துக்கும் என் விரலுக்கும் நடுவில் கண்ணாடி இருக்கிறது.

இனி எனக்கு நடந்தது. முதல் நாள் இரண்டு பித்தளை உருளைகளைக் கையில் பிடிக்கச் சொன்னார்கள். கை வியர்த்திருந்தது. கருவியை இயக்கியவர் துணி கொடுத்துத் துடைக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில், இப்போது மிகவும் காய்ந்துவிட்டது என்று சொல்லி விரலில் தண்ணீர் தொட்டு வைத்தார். அப்போது எனக்கு அது ஒரு அக்கறையாகத் தெரிந்தது. ஒவ்வாமையை அளக்க வேண்டிய கருவி என் வியர்வையை அளந்துகொண்டிருக்கிறது என்று உறைக்க ஒரு மாதம் ஆனது. அச்சிட்டுக் கொடுத்த தாளில் ஆகாதவை என்று சிவப்பில் 23 பொருள்கள்: கோதுமை, பால், தக்காளி, இரண்டு வகைப் பூஞ்சை, குதிரை முடி என்று நீண்டது பட்டியல். குதிரையை நான் தொட்டதுகூட இல்லை. பயந்துபோய் கோதுமையையும் பாலையும் நிறுத்தினேன். தும்மல் நிற்கவில்லை.

ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். இந்தமுறை சிவப்பில் 17. முதல் பட்டியலில் இருந்தவற்றில் ஆறுதான் இதிலும் இருந்தன. சிகிச்சை வேலை செய்கிறது என்றார் கருவியை இயக்கியவர். நானும் சந்தோஷப்பட்டேன். வீட்டுக்கு வந்து இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் மற்ற பதினொன்றும் கண்ணில் பட்டன. முதல் மாதம் பச்சையில் இருந்தவை அவை. முட்டையும் அதில் ஒன்று. ஒரு மாதத்தில் பதினேழு ஒவ்வாமைகள் குணமாகி, பதினொன்று புதிதாகப் பிறந்தனவா? போன் செய்து கேட்டேன். 'உடல் அடுக்கடுக்காகத் திறக்கும்' என்று பதில் வந்தது.

அதன்பிறகுதான் மருத்துவர் எழுதிய சீட்டைத் தேடி எடுத்தேன். இங்கே என் தவறையும் சொல்ல வேண்டும். சோதனைக்கு ஏழு நாள் முன்பே அலர்ஜி மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று சீட்டில் எழுதியிருந்தது. நான் இரண்டு நாள்தான் நிறுத்தியிருந்தேன், தும்மல் விடவில்லை. அதைச் சொல்லாமலே போய்க் கை நீட்டினேன். வரிசையின் முதல் சொட்டு ஹிஸ்டமின், ஒவ்வாமையின்போது உடலே வெளியிடும், தோலைத் தடிக்க வைக்கும் வேதிப்பொருள். கடைசிச் சொட்டு வெறும் உப்புக் கரைசல். இருபது நிமிடம் கழித்து செவிலியர் பார்த்தார். எதுவுமே தடிக்கவில்லை, ஹிஸ்டமின் வைத்த இடமும் கூட. மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்டார். ஒப்புக்கொண்டேன். இன்றைய சோதனை செல்லாது, ஒரு வாரம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

என் முடிவைத் தீர்மானித்தது இந்த இடம்தான். ஹிஸ்டமின் யாருடைய தோலிலும் தடிக்க வேண்டும். தடிக்கவில்லை என்றால் தோல் இன்று பேசும் நிலையில் இல்லை, மற்ற சொட்டுகளின் மௌனத்துக்கும் அர்த்தம் இல்லை. உப்புக் கரைசல் யாருக்கும் தடிக்கக் கூடாது. தடித்தால், தொட்டாலே வீங்கும் தோல் அது, மற்றத் தடிப்புகளையும் நம்ப முடியாது. 'இன்று என்னால் சொல்ல முடியாது' என்று ஒத்துக்கொள்ளும் வழி இந்தச் சோதனைக்குள்ளேயே இருக்கிறது. பயோரெசனன்ஸுக்கு நான் போன இரண்டு நாளும் அதே மாத்திரையில்தான் இருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு நாளும் கருவி தயங்காமல் பட்டியல் கொடுத்தது. ஒருநாளும் தோற்காத சோதனை ஜெயித்தது என்பதை மட்டும் எதை வைத்துச் சொல்வது?

இந்தக் கேள்வி புதியதும் இல்லை. பயோரெசனன்ஸுக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அமெரிக்காவில் ஆல்பர்ட் ஆப்ராம்ஸ் என்ற மருத்துவர் ஒரு சொட்டு ரத்தத்தின் 'அதிர்வை' வைத்துப் பெட்டி ஒன்றால் நோய் சொல்லிக்கொண்டிருந்தார். 1920களின் தொடக்கத்தில் அந்தப் பெட்டிகள் அங்கே பெரிய பரபரப்பு. சந்தேகப்பட்ட மருத்துவர் ஒருவர் சேவலின் ரத்தத்தை நோயாளியின் ரத்தம் என்று சொல்லி அனுப்பினார். மலேரியா, நீரிழிவு, புற்றுநோய் என்று ஒரு பட்டியல் திரும்பி வந்தது. ஆப்ராம்ஸ் 1924இல் இறந்துபோனார். அவருடைய பெட்டி சேவலுக்கும் மனிதனுக்கும் வித்தியாசம் சொல்லாததை விட எனக்கு முக்கியமாகப் படுவது, குழப்பம் என்று ஒரு விடையை அது தரவே இல்லை என்பதுதான்.

இந்தக் காலத்திலும் அதே மாதிரி ஒரு சோதனை நடந்தது, இன்னும் கவனமாக. 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு அது. நடத்திய குழுவில் முக்கியமானவர் ஜார்ஜ் லூயித், மாற்று மருத்துவத்தை எதிரியாகப் பார்த்தவர் இல்லை, அதை ஆராய்வதையே தொழிலாக வைத்திருந்தவர். 30 பேர். பாதிப் பேருக்குப் பூனை அல்லது தூசிப் பூச்சி (வீட்டுத் தூசியில் வாழும், கண்ணுக்குத் தெரியாத பூச்சி) ஒவ்வாமை இருப்பது குத்துச் சோதனையில் தெரிந்திருந்தது, மீதிப் பேருக்கு இல்லை. வெகாடெஸ்ட் இயக்குபவர்கள் மூன்று பேர் ஒவ்வொருவரையும் பலமுறை சோதித்தார்கள். எந்தக் குப்பியில் என்ன இருக்கிறது, யாருக்கு ஒவ்வாமை என்பது இயக்குபவர்களுக்குத் தெரியாது. மொத்தம் 1500க்கு மேற்பட்ட சோதனைகள். ஒவ்வாமை உள்ளவரையும் இல்லாதவரையும் கருவியால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வெகாடெஸ்டும் நான் பிடித்த உருளைக் கருவியும் ஒன்றே இல்லை என்று வாதிடலாம். அளப்பது இரண்டிலும் தோலின் மின்தடைதான் என்பதால் எனக்கு அந்த வாதம் பெரிதாகப் படவில்லை.

ஒரு வாரம் தும்மித் தள்ளிவிட்டு மறுபடி போனேன். ஹிஸ்டமின் சொட்டு ஐந்து மில்லிமீட்டர் தடித்தது. தூசிப் பூச்சி ஏழு. மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போனாலே கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். மகரந்தங்கள், பூஞ்சைகள், பூனை எல்லாம் சும்மா இருந்தன. கோதுமையும் பாலும் கூட.

முட்டை மட்டும் மூன்றரை தடித்தது. குத்துச் சோதனையின் ஓட்டை இதுதான், மறைக்க மாட்டேன். முட்டையை நான் வாரத்தில் நாலு நாள் சாப்பிடுகிறேன், ஒன்றும் ஆனதில்லை. தடிப்பு சொல்வது, அந்தப் பொருளுக்கு எதிரான ஐஜிஇ என்ற எதிர்ப்புப் பொருள் உடலில் இருக்கிறது என்பதை மட்டும்தான். இருந்தும் தொல்லை தராமலே போகலாம். உணவு விஷயத்தில் இப்படி வெற்றுத் தடிப்புகள் நிறையவே வரும். தடிக்கவில்லை என்ற விடையை நம்பும் அளவுக்குத் தடித்தது என்ற விடையை நம்ப முடியாது. மருத்துவர் சிரித்துவிட்டு, முட்டையை விடாதீர்கள், காரணமில்லாமல் நிறுத்துவதுதான் தப்பு என்றார். பயோரெசனன்ஸின் இரண்டாவது தாளில் வந்த அதே முட்டை இங்கேயும் வந்ததே, அது சரியாகத்தானே சொல்லியிருக்கிறது என்று ஒரு நண்பர் கேட்டார். பதினேழில் ஒன்று, அதுவும் முதல் மாதம் பச்சையில் இருந்தது. எனக்கு அது தற்செயல்.

பயோரெசனன்ஸ் எடுத்துக்கொண்டு குணமானவர்கள் இருக்கிறார்களே என்றால், இருக்கிறார்கள், நானே இரண்டு பேரைப் பார்த்திருக்கிறேன். பொய் சொல்கிறார்கள் என்று நினைக்கவில்லை. மகரந்த ஒவ்வாமை பருவம் மாறினால் தானாகக் குறையும். தோல் அழற்சி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், மிக மோசமாக இருக்கும்போதுதான் யாரும் சிகிச்சை தேடிப் போவார்கள், அங்கிருந்து இறங்குவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். குழந்தைகளில் பலருக்குப் பால் ஒவ்வாமை வளர வளரப் போய்விடுகிறது. இதையெல்லாம் பிரித்துப் பார்க்க, கருவியை இயக்கியது போல நடித்து ஒரு குழுவை ஒப்பிட வேண்டும். சுவிட்சர்லாந்தின் டாவோஸில் தோல் அழற்சியுள்ள 32 குழந்தைகளை வைத்து அப்படிச் செய்து 1997இல் வெளியிட்டார்கள். உண்மையான சிகிச்சைக்கும் போலிச் சிகிச்சைக்கும் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. சின்ன ஆய்வு என்பதையும் சொல்லிவிட வேண்டும். புகைப்பழக்கத்தை விடுவதற்கும் இதைச் செய்கிறார்கள். நான் புகைப்பதில்லை, அதைப் பற்றி அனுபவமாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

குழந்தைகள் விஷயத்திலும் எனக்கு நேரடி அனுபவம் கிடையாது. ஆனால் அங்கேதான் அதிக எச்சரிக்கை தேவை என்று நினைக்கிறேன். நான் ஒரு மாதம் பால் குடிக்காததால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, இரண்டு வயதுக் குழந்தைக்கு அப்படிச் சொல்ல முடியாது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு குழந்தைகளின் உணவு ஒவ்வாமைக்கு 2011இல் கொடுத்த வழிகாட்டுதலில் வெகாடெஸ்டைப் பயன்படுத்த வேண்டாம் என்று நேரடியாகவே எழுதியிருக்கிறது. உணவு சாப்பிட்டு மூச்சுத்திணறல், மயக்கம் வரை போனவர்கள் குத்துச் சோதனையைக் கூட மருத்துவமனையில்தான் செய்துகொள்ள வேண்டும்.

மாத்திரையை நிறுத்தவே முடியாதவர்களுக்கும், கை முழுக்கத் தோல் அழற்சி இருப்பவர்களுக்கும் ஐஜிஇ ரத்தப் பரிசோதனை இருக்கிறது. அலர்ஜி மாத்திரை அதைப் பாதிக்காது. விடை வர நாளாகும். நான் செய்துகொள்ளவில்லை, தேவைப்படவில்லை.

இப்போது தலையணைக்கும் மெத்தைக்கும் பூச்சி புகாத உறை போட்டிருக்கிறேன். விரிப்புகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைக்கிறேன். காலைத் தும்மல் இருபதிலிருந்து நாலைந்துக்கு வந்திருக்கிறது. இதில் உறைக்கு எவ்வளவு பங்கு, மூக்கில் அடிக்கும் ஸ்பிரேக்கு எவ்வளவு என்று கேட்டால் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை, இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்கிவிட்டேன். நாக்குக்கு அடியில் வைக்கும் தூசிப் பூச்சி மாத்திரையையும் தொடங்கி ஏழு மாதம் ஆகிறது. மூன்று வருடமாவது எடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதைப் பற்றி இப்போதே எழுதினால் நானும் சிவப்புத் தாள் அச்சடித்த மாதிரி ஆகிவிடும்.