ஏழு வருடம், ஒரே வாடகை வீடு, போர் தண்ணீர்

மடிப்பாக்கத்தில் இப்போது இருக்கும் முதல் மாடி வீட்டுக்கு 2018 ஜூனில் குடிவந்தோம். வீடு பார்க்க வந்த அன்றே தண்ணீர் எப்படி என்று கேட்டேன். "போர்ல எந்நேரமும் வரும்" என்றார் ஹவுஸ் ஓனர். அவர் சொன்னது உண்மைதான், 2019 கோடையைத் தவிர இன்றுவரை தண்ணீர் நின்றதில்லை. ஆனால் அது எவ்வளவு உப்பு என்று நான் கேட்கவில்லை. இந்த ஏழு வருடத்தில் நான் பார்த்த ரிப்பேர்களில் முக்கால்வாசிக்கு அந்த உப்புதான் காரணம்.

முதலில் போனது கீசர். எங்களுடையதுதான், 15 லிட்டர், புதிதாக வாங்கி மாட்டியது. பதினான்காவது மாதம் காயில் எரிந்துவிட்டது. எலக்ட்ரீஷியன் அதைக் கழற்றி எடுத்தபோது காயிலே கண்ணுக்குத் தெரியவில்லை. சுற்றிலும் விரல் பருமனுக்கு வெள்ளைக் காறை. போர் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து, சூடு ஏறும்போது கல்லாகப் படிகிறது. படிவு ஏறினால் காயிலின் சூடு தண்ணீருக்குப் போகாது, உள்ளேயே தேங்கி அது எரிந்துபோகும். தண்ணீர் எவ்வளவு கொதிக்கிறதோ அவ்வளவு வேகமாகப் படியும் என்பதால் தெர்மோஸ்டாட்டை 50 டிகிரி பக்கம் குறைத்து வைத்தேன். சென்னைக் குளியலுக்கு அது தாராளம். மார்ச் பிறந்தால் மொட்டை மாடி டேங்க் தண்ணீரே சுடும், ஐப்பசி மழை வரை கீசர் சுவிட்சைத் தொடுவதே இல்லை.

அப்புறம் வருடத்துக்கு ஒரு முறை, மார்கழிக்கு முன்னால், காயிலைக் கழற்றிச் சுத்தம் செய்கிறோம். மெயினை அணைத்து, தண்ணீரை வடித்துவிட்டு எலக்ட்ரீஷியன்தான் கழற்றுவார். அதை நானாகச் செய்வதில்லை. ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீரில் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் ஆசிட்) கரைத்து, மின் இணைப்பு முனைகள் நனையாமல் காயிலை மட்டும் ஊறவைத்தால் நுரை கிளம்பும். ஒரு மணி நேரத்தில் காறை பொலபொலவென்று உதிரும். கூடவே இருக்கும் மெக்னீசியம் ராடையும் பார்க்கச் சொல்லுங்கள். கீசரின் உள் டேங்க் துருப்பிடிக்காமல் இருக்க அதுதான் தன்னைக் கரைத்துக்கொள்கிறது. குச்சியாக இளைத்திருந்தால் மாற்றிவிட வேண்டும். திரும்ப மூடும்போது கேஸ்கெட் புதிதாக இருக்கட்டும். இரண்டாவது காயில் ஆறாவது வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

குழாய்களுக்கும் அதே எலுமிச்சை உப்புதான். ஷவர் துளை அடைத்தால், குழாய் முனையில் இருக்கும் சல்லடை அடைத்தால், கழற்றி ஊறப்போட்டால் போதும். பாத்ரூம் கழுவும் ஆசிட்டைக் குழாயில் ஊற்றாதீர்கள். முதல் வருடம் அப்படிச் செய்து, ஓனர் புதிதாகப் போட்டிருந்த இரண்டு குழாய்களின் பளபளப்பு போய்விட்டது. மாற்றிக் கொடுத்தேன். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள். கிளம்பும் குளோரின் வாயு மூடிய பாத்ரூமில் உயிருக்கே ஆபத்து.

2019 கோடையை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் எல்லாம் வறண்டு கிடந்த வருடம். எங்கள் போரும் இறங்கிவிட, சம்ப்பில் லாரி தண்ணீர் வாங்கி ஊற்றினோம். அதோடு வந்த மண் வாஷிங் மெஷினை நிறுத்திவிட்டது. தண்ணீர் உள்ளே போகும் குழாயைக் கழற்றினால், மெஷின் பக்கம் ஒரு சின்ன வலை இருக்கும். அது முழுக்கச் சேறு. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து மாட்டியதும் ஓடியது. மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் அந்த வலையை ஒரு தடவை பாருங்கள். எங்களுடையது டாப் லோடு, உள்ளே ஹீட்டர் கிடையாது. உப்புத் தண்ணீர் வீட்டில், அதுவும் அடிக்கடி வீடு மாறுபவர்களுக்கு, இதுவே நல்லது என்பது என் அபிப்பிராயம். ஹீட்டர் உள்ள மெஷினில் கீசருக்கு நடந்ததுதான் நடக்கும்.

ஏசிக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பில்டரைக் கழுவுகிறேன். உள்ளே தண்ணீர் சொட்டினால் பெரும்பாலும் டிரெயின் பைப் அடைத்திருக்கும்.

செலவு யாருடையது என்ற பேச்சு வராமல் இருக்காது. ஓனருக்கும் எனக்கும் ஒருமுறை கசப்பே வந்தது. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன் அட்டவணையிலேயே பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். பைப் மாற்றுவது, வயரிங், சுவருக்கு வெள்ளையடிப்பது ஓனர் பொறுப்பு. குழாய் வாஷர், அடைப்பு எடுப்பது, சுவிட்ச், கீசர் ரிப்பேர் நம் பொறுப்பு. அதைப் படித்தபின் நான் வாஷருக்காக போன் செய்வதை விட்டேன். சமையலறைச் சுவருக்குள் பைப் கசிந்தபோது அவரும் மறுபேச்சில்லாமல் ஆள் அனுப்பினார்.

கடைசியாக ஆங்கிள் வால்வு, அதாவது சுவரிலிருந்து குழாய்க்குப் போகும் தண்ணீரை நிறுத்தும் சின்னத் திருகு. மூன்றாவது வருடம், ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு, டாய்லெட்டில் கழுவ வைத்திருக்கும் ஹெல்த் பாசெட்டின் குழாய் வெடித்தது. கீழே இருந்த வால்வைத் திருகினால் அசையவே இல்லை. வருடக்கணக்கில் தொடாததால் உப்பு அதை இறுக்கியிருந்தது. ஹாலுக்குத் தண்ணீர் வர, என் மனைவி பழைய வேட்டிகளை வாசற்படியில் அணைகட்ட, நான் மொட்டை மாடிக்கு ஓடினேன். அங்கே நான்கு கேட் வால்வு. எது எங்களுடையது என்று தெரியாமல் நான்கையும் மூடினேன். கீழ் வீட்டு அக்கா எழுந்து வந்து, "தம்பி, என்னாச்சு?" என்று கேட்டு, மாப் எடுத்துக்கொண்டு எங்களோடு ஒரு மணி வரை துடைத்தார்.

இப்போது ஹெல்த் பாசெட்டைப் பயன்படுத்தியதும் ஆங்கிள் வால்வை மூடிவிடுகிறோம். அழுத்தம் எந்நேரமும் அந்த மெல்லிய குழாயில் நிற்பதில்லை, வால்வும் தினமும் அசைகிறது. மற்ற வால்வுகளை மாதம் ஒரு ஞாயிறு மூடித் திறக்கிறேன். அந்தச் சம்பவத்துக்கு மறுநாளே நானும் அக்காவும் மாடிக்குப் போய், நான்கு வால்வுக்கும் பக்கத்தில் எந்த வீடு என்று சிவப்புப் பெயின்ட்டால் எழுதினோம். போன மாதம் பின்வீட்டுக்குப் புதிதாக வந்த பிள்ளைகளை நான் முதலில் கூட்டிப்போய்க் காட்டியது அதைத்தான்.