மழைத் தரவுக்கு சர்வர் போட்டுத் தருகிறோம் என்று 4,800 வெள்ளி வாங்கிய கடை: பினாங்கு நண்பர்களே, உஷார்

அந்தக் கடையிலிருந்து நேற்று மதியம் வந்த குரல்செய்தியைக் கேட்டதிலிருந்து கை நடுங்குகிறது. கோபம் ஆறட்டும், அப்புறம் எழுதலாம் என்கிறார்கள் வீட்டில். ஆறிவிட்டால் எழுத மாட்டேன், அதனால் இப்போதே எழுதுகிறேன். 4,800 வெள்ளி (ரிங்கிட்). அதில் ஒரு காசுகூடத் திரும்பாது என்று கடைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

விஷயம் இதுதான். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் கொட்டிய மழையைப் பினாங்கில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அதற்குப் பிறகு ஆயர் ஈத்தாம், ஜெலுத்தோங், பாலிக் பூலாவ் பக்கம் சில குடும்பங்கள் சேர்ந்து கூரையிலும் தோட்டத்திலும் மழைமானி வைத்தோம். 0.2 மில்லிமீட்டர் மழை சேர்ந்ததும் உள்ளே இருக்கும் குட்டி வாளி ஒரு முறை கவிழும், கருவி அதை எண்ணிக்கொள்ளும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு பதிவு. ஒரு மானிக்கு வருடத்தில் 105,120 வரிகள். வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் தளத்தில் அரசாங்க நிலையங்களின் மழையளவு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் மலைக்கு இந்தப் பக்கம் கொட்டும்போது அந்தப் பக்கம் வெயிலடிக்கும் ஊர் இது. இடைப்பட்ட இடங்களின் கணக்கு எங்கள் கையில் இருக்கிறது, கேட்கிறவர்களுக்குக் கொடுக்கலாமே என்றுதான் சர்வர் பேச்சு வந்தது.

என் அக்கா மகள் நீரியலில் முதுகலை செய்கிறாள். தரவை இணையத்தில் பகிர உதவும் எர்டாப் என்ற மென்பொருளைச் சொன்னது அவள்தான். அமெரிக்காவின் கடல், வளிமண்டல அமைப்பான நோவாவில் உருவானது. இலவசம், மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. டாம்கேட் என்ற சர்வர் மென்பொருளின் மேல் ஓடும், ஜாவா வேண்டும். எந்த மானி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பதை இணைய முகவரியிலேயே எழுதிக் கேட்கலாம். முகவரியில் கோப்பு வகையை மாற்றினால் அதே தரவு சிஎஸ்வியாக (எக்செல்லிலும் திறக்கும் அட்டவணை) வரும், ஆய்வாளர்கள் பயன்படுத்தும் நெட்சிடிஎஃப் கோப்பாக வரும், வரைபடமாகவும் வரும். ஆய்வாளர் எழுதிய நிரலே நேராக வந்து எடுத்துக்கொண்டு போகும். அவளுக்கு ஆய்வேட்டு வேலை தலைக்கு மேல் இருந்ததால், காசு போட்டு வெளியே கொடுத்துவிடலாம் என்று முடிவானது.

கடை, ஜார்ஜ் டவுனில் ஒரு பேரங்காடியின் மேல்மாடியில். பெயர் போடவில்லை. லேப்டாப் பழுது பார்ப்பார்கள், 'ஹோஸ்டிங், சர்வர்' என்றும் பலகை வைத்திருப்பார்கள். அந்த மாதிரிக் கடை. உள்ளே நம் தமிழ்ப் பையன். "வாங்க சார், உட்காருங்க" என்று தேத்தாரே (டீ) வரவழைத்தான். மாதிரிக்கு நான் கொடுத்திருந்த பென்டிரைவ் தரவை வைத்து ஒரு பக்கம் செய்து காட்டினான். மேலே 'ஆயர் ஈத்தாம் மழையளவு', கீழே வரிசையாக நீலக் கம்பங்கள், ஓரத்தில் தேதி மாற்றும் பெட்டி. எங்கள் மழை அப்படித் திரையில் நிற்பதைப் பார்க்கும்போது யாருக்குத்தான் மனசு இளகாது? நான் தேதிப் பெட்டிப் பக்கம் கையைக் கொண்டுபோனேன். உடனே லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு ஆரம்பித்தான்: "எங்கம்மா வீடு ஜெலுத்தோங்தான் சார். அந்த வெள்ளத்துல ஜன்னல் வரைக்கும் தண்ணி. இந்த வேலைக்கு நான் லாபம் பாக்க மாட்டேன்." அந்த ஒரு பேச்சுதான். நின்ற இடத்திலேயே 4,800 வெள்ளியை வங்கிச் செயலியில் தட்டிவிட்டேன். அதில் பாலிக் பூலாவில் டுரியான் தோட்டம் வைத்திருக்கும் சீன அங்கிள் கொடுத்த 500 வெள்ளியும் உண்டு.

ரசீதைக் கேளுங்கள். வருட சர்வர் வாடகை 2,400. மென்பொருள் லைசென்ஸ் 1,200. நிறுவுக் கூலி 750. பாதுகாப்புச் சான்றிதழ் 450. இலவச மென்பொருளுக்கு லைசென்ஸ் 1,200 வெள்ளி! டாம்கேட்டும் இலவசம். சான்றிதழ் என்று வைத்தது லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு கொடுப்பது. அது யாருக்கும் ஓசி. 90 நாளில் காலாவதியாகும், தானாகப் புதுப்பிக்க ஏற்பாடு செய்து வைத்தால் போதும். அதைக்கூடச் செய்யவில்லை என்பது, தளத்தைத் திறந்தவர்களுக்கெல்லாம் 'இது பாதுகாப்பானதல்ல' என்று சிவப்பு எச்சரிக்கை வந்தபோதுதான் தெரிந்தது.

அதற்கு முன்பே அக்கா மகள் குட்டை உடைத்துவிட்டாள். தன் நிரலில் முகவரியைப் போட்டு அக்டோபர் மாத மழையைக் கேட்டிருக்கிறாள். 404, அதாவது அப்படி ஒரு பக்கமே இல்லை என்று வந்தது. "மாமா, இங்க எர்டாப்பே இல்ல. வலைப்பதிவு போடுற வெறும் வேர்ட்பிரஸ் பக்கம். கீழ எக்செல் கோப்பைத் தொங்க விட்டிருக்காங்க" என்றாள். நீலக் கம்பங்கள்? வெறும் படம். தேதியை என்ன மாற்றினாலும் கம்பங்கள் அசையவில்லை. 2,400 வெள்ளி சர்வர் என்று விற்றது, நூறு பேர் பகிரும் மலிவு ஹோஸ்டிங். அதில் டாம்கேட்டை ஓட்ட அனுமதியே இல்லை.

சரி, எக்செல்லாவது உருப்படியா என்று திறந்து பார்த்தாள். வயிறு எரிகிறது. நாங்கள் நாள், மாதம், வருடம் என்ற வரிசையில் கொடுத்திருந்தோம். அவன் மாதத்தை முதலில் எழுதும் அமெரிக்க வழக்கப்படி அமைத்த கணினியில் திறந்து சேமித்திருக்கிறான். அக்டோபர் 3 பெய்த மழை மார்ச் 10க்குப் போய்விட்டது, அக்டோபர் 5 மழை மே 10க்கு. 13ஆம் தேதியிலிருந்து மாதக் கடைசி வரை உள்ளவை தேதியாகவே ஏறாமல் வெறும் எழுத்தாக இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. பினாங்கில் மழை வெளுத்து வாங்கும் மாதத்தைத் துண்டு துண்டாக வெட்டி வேறு வேறு மாதங்களில் எறிந்திருக்கிறான். இதை நம்பி ஒரு மாணவர் ஆய்வுக்கட்டுரை எழுதியிருந்தால்? நேர மண்டலமும் குறிக்கவில்லை. நம் மணி உலக நேரத்துக்கு எட்டு மணி முன்னால். அதை எழுதாமல் விட்டால் விடிகாலை ஆறு மணி மழையை முந்தின நாள் இரவு பத்து மணி மழை என்று ஒருவர் எடுத்துக்கொள்வார், இன்னொருவர் எடுத்துக்கொள்ள மாட்டார். இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்டால் பதில்: "அதெல்லாம் சின்ன விஷயம் சார், டிசைன் நல்லா இருக்குல்ல?"

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) இணையத்தில் பரவ 48 மணி நேரம் ஆகும் என்றார்கள். அந்த 48 மணி நேரம் வாரக்கணக்கில் முடியவே இல்லை. சர்வரை வேறு இடத்துக்கு மாற்றுகிறோம் என்றார்கள். பொறுப்பாளர் தண்ணீர்மலைக்குக் காவடி எடுக்கப் போயிருக்கிறார் என்றார்கள். தைப்பூசம் முடிந்து தோரணம் எல்லாம் கழற்றியாகிவிட்டது, அந்தக் காவடி மட்டும் இறங்கவில்லை. நேரில் போனால் அந்தப் பையன் விடுப்பு, கவுண்டரில் இருக்கும் பெண்ணுக்கு எதுவும் தெரியாது. டொமைனையாவது கொடுங்கள், வேறு ஆளை வைத்துக்கொள்கிறோம் என்றேன். பதிவு கடையின் பெயரில் இருக்கிறதாம், மாற்ற இன்னும் 600 வெள்ளியாம்! நேற்று வந்த குரல்செய்தியில் 'சார்' போய்விட்டது: "ரசீதுக்குப் பின்னாடி பாருங்க, பணம் திருப்பித் தரப்படாதுன்னு போட்டிருக்கு. எங்க வேணாலும் போங்க."

போகிறேன்.

எச்சரிக்கை என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. டொமைனை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதியுங்கள். சர்வர் என்று காசு வாங்கினால் அதன் முழு அதிகாரத்தையும் தரும் ரூட் கடவுச்சொல்லை அன்றே கையில் வாங்குங்கள். மழுப்பினால் அங்கே சர்வர் இருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள். செய்து காட்டும்போது தேதியை உங்கள் விரலால் மாற்றிப் பாருங்கள். லைசென்ஸ் என்று ரசீதில் இருந்தால் எந்த மென்பொருள் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். மொத்தப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். தேதியை வருடம், மாதம், நாள் என்றே எழுதுங்கள், பக்கத்தில் நம் நேர மண்டலத்தைக் காட்ட +08:00 போடுங்கள். நிரல் வழியாக எடுக்கும் வசதி வேண்டாம், கோப்பைப் பகிர்ந்தால் போதும் என்பவர்களுக்கு ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் நடத்தும் செனோடோ என்ற தரவுக் களஞ்சியம் இருக்கிறது. ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை இலவசம், மேற்கோள் காட்ட நிரந்தர எண்ணும் தருகிறார்கள். எங்கள் கோப்புகள் இப்போது அங்கேதான் ஏறிக்கொண்டிருக்கின்றன. அக்கா மகள் ஒவ்வொரு தேதியாகச் சரிபார்த்துக் கொடுக்கிறாள், பாவம்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். ரசீது என் பெயரில் இருக்கிறது. படிவத்தில் கோரும் தொகை என்ற இடத்தில் 4,800 என்று எழுதிவிட்டேன். இந்த வர்ணனையைப் படித்ததும் அந்தக் கடை எது என்று புரிகிறவர்கள், அங்கே காசு கொடுத்து ஏமாந்தவர்கள், ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். திங்கட்கிழமை படிவத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.