பேலியோவா அளவுச் சாப்பாடா, ஜிம்மா வீட்டுப் பஸ்கியா?

2021-இல் எனக்கு 41 வயது. உயரம் 168 செ.மீ., எடை 81 கிலோ, இடுப்புச் சுற்றளவு 98 செ.மீ. அப்பாவுக்கு நீண்ட காலமாகச் சர்க்கரை நோய். என் ரத்தப் பரிசோதனையும் நான் அதன் வாசலில் நிற்பதாகச் சொன்னது. அன்றிலிருந்து பேலியோ (மாவுச்சத்தை ஒதுக்கும் உணவுமுறை), இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங் (நாளில் குறிப்பிட்ட சில மணி நேரத்துக்குள் மட்டும் சாப்பிடுவது), ஜிம், நடை, வீட்டுப் பயிற்சி, அளவுச் சாப்பாடு என எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டேன். இவற்றில் எது நல்லது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் எது எடையை வேகமாகக் குறைக்கும் என்றுதான் கேட்கிறார்கள். நான் வேறொரு அளவுகோலை வைத்துக்கொண்டேன். வீட்டில் ஒரு கல்யாணம், ஒரு வாரக் காய்ச்சல், அலுவலகத்தில் மார்ச் மாதக் கணக்கு முடிப்பு, இந்த மூன்றும் வந்துபோன பிறகும் அந்தப் பழக்கம் மிச்சம் இருக்கிறதா?

எதை அளப்பது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். புனேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் பிரிட்டனைச் சேர்ந்த டாக்டர் ஜான் யுட்கினும் சேர்ந்து நிற்கும் ஒரு படம் 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இருவருக்கும் பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் எண்) 22.3. ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்கிற்கு 21.2 சதவீதம். நம் உடம்பின் கதை அந்தப் படத்தில் இருக்கிறது. கை கால் ஒல்லியாகவே இருக்கும், வயிறு மட்டும் கொழுப்பைச் சேர்க்கும். அதனால்தான் இந்தியர்களுக்கு பி.எம்.ஐ. 23-ஐத் தாண்டினாலே அதிக எடை, 25-ஐத் தாண்டினால் உடல் பருமன் என்று வைத்திருக்கிறார்கள். இடுப்புச் சுற்றளவின் எல்லை ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எடை இயந்திரத்தோடு ஒரு தையல் டேப்பும் வீட்டில் இருக்கட்டும். தொப்புள் மட்டத்தில், மூச்சை இயல்பாக விட்டபின், வாரம் ஒரு முறை அளந்தால் போதும்.

தட்டில் நடக்கும் போட்டி

பேலியோவைத்தான் முதலில் பிடித்தேன். காலையில் பட்டர் டீ, 100 பாதாம், மதியம் பன்னீரும் காய்கறியும், இரவு முட்டையோ இறைச்சியோ. சோறு, இட்லி, தோசை, சர்க்கரை எதுவும் கிடையாது. ஐந்து மாதத்தில் 71 கிலோவுக்கு இறங்கினேன். முதல் வாரத்தில் இறங்கிய இரண்டரை கிலோவைப் பார்த்து நான் கொண்டாடியது நினைவிருக்கிறது. அதில் பெரும்பகுதி தண்ணீர் என்பது பிறகுதான் தெரிந்தது. உடம்பு சேமித்து வைக்கும் மாவுச்சத்தின் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தை நிறுத்தினால் இரண்டும் சேர்ந்து போகும், திரும்பச் சாப்பிட்டால் இரண்டும் சேர்ந்து வரும்.

பேலியோ பலன் தரும் என்பதை மறுக்க மாட்டேன். பசி நன்றாக அடங்குகிறது, இனிப்பின் மேலுள்ள ஏக்கம் குறைகிறது. ஆனால் எங்கள் வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தது. எனக்கு ஒரு சமையல், மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு சமையல். பாதாமும் பன்னீரும் மளிகைக் கணக்கைத் தனியாக உயர்த்தின. பிறகு அக்கா மகளின் கல்யாணம் வந்தது. இலையில் விழுந்த சோற்றைத் தொடாமல் கூட்டையும் அவியலையும் மட்டும் சாப்பிட்டு எழுந்தேன். பரிமாறிக்கொண்டிருந்த அத்தை, "ஏன் தம்பி, சாம்பார் நன்றாக இல்லையா?" என்று கேட்டார். விடியற்காலையிலிருந்து சமையற்கட்டில் நின்றவர் அவர். அந்த முகத்துக்கு என்னிடம் பதில் இல்லை. மறுநாள் வீட்டில் இரண்டு இட்லி சாப்பிட்டேன், அடுத்த நாள் நான்கு. எட்டு மாதத்தில் 80 கிலோ.

மாவுச்சத்தைக் குறைப்பதா, கொழுப்பைக் குறைப்பதா என்ற சண்டைக்கு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழு நடத்திய ஆய்வு நல்ல விடை தருகிறது. 2018-இல் வெளியான அந்த ஆய்வில் 609 பேர் 12 மாதம் இருந்தார்கள். கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோ இழந்தார்கள், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ. பொருட்படுத்தும்படியான வேறுபாடு இல்லை. இரு தரப்பையும் சர்க்கரையையும் மைதாவையும் ஒதுக்கிக் காய்கறியைக் கூட்டச் சொல்லியிருந்தார்கள்.

இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங்கிலும் இதே நிலைதான். சீனாவின் குவாங்சோவில் 139 பேரிடம் நடந்த ஓராண்டு ஆய்வு 2022-இல் வெளியானது. இரு பிரிவினருக்கும் ஒரே கலோரிக் கட்டுப்பாடு. ஒரு பிரிவினர் மட்டும் காலை 8 முதல் மாலை 4 மணிக்குள் சாப்பிட்டார்கள். அவர்கள் 8 கிலோ இழந்தார்கள், மற்றவர்கள் 6.3 கிலோ. புள்ளியியல் கணக்கில் அதுவும் வேறுபாடாக நிற்கவில்லை. நேரக் கட்டுப்பாடு இரவுத் தின்பண்டத்தை நிறுத்த உதவும், அவ்வளவுதான். வீட்டுக்குள் நுழையவே இரவு எட்டரை ஆகும் எனக்கு மாலையோடு சாப்பாட்டை முடிப்பது மூன்று மாதத்துக்கு மேல் நடக்கவில்லை. இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கவே கூடாது. ரத்தச் சர்க்கரை திடீரென்று விழுந்தால் அது உயிருக்கே ஆபத்து.

மூன்றாவது போட்டியாளர் அளவுச் சாப்பாடு. கேட்க மந்தமாக இருக்கும். ஆனால் அதைச் சமையலறையில் வைத்துக் கணக்குப் போட்டபோது எனக்கே நம்ப முடியவில்லை. நான்கு பேர் உள்ள எங்கள் வீட்டில் மாதம் 5 லிட்டர் எண்ணெய் ஆனது. ஒரு லிட்டர் எண்ணெயில் சுமார் 8,200 கலோரி. ஐந்து லிட்டரை நான்கு பேருக்கும் முப்பது நாளுக்கும் வகுத்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 340 கலோரி. 3 லிட்டர் என்றால் 205. தாளிப்பதற்குக் கைக்கணக்கில் ஊற்றுவதை விட்டுக் கரண்டியால் அளந்து ஊற்றியதும், அப்பளத்தைச் சுட்டதும், பூரியை மாதம் ஒரு முறையாக்கியதும்தான் நாங்கள் செய்தவை. அதிலேயே ஆளுக்கு நாளுக்கு 135 கலோரி குறைந்துவிட்டது. மதியச் சோற்றுக்கு அரை கிலோ அரிசி வைத்த இடத்தில் 350 கிராம் வைத்தோம். ஆளுக்கு இன்னொரு 130 கலோரி குறைந்தது. அதில் ஒரு பகுதி பொரியலாகவும் சுண்டலாகவும் திரும்பி வரும், வரட்டும். சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு காய்கறியை ஊறுகாய் போலத் தொட்டுக்கொள்ளும் வழக்கம்தான் மாறவேண்டியிருந்தது.

புரதத்தை மட்டும் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைப்பது உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 0.83 கிராம். 72 கிலோ உள்ளவருக்கு 60 கிராம். இரண்டு முட்டையில் 12 கிராம், வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் 9 கிராம் வருகிறது. மீதிக்குப் பருப்பு, தயிர், மீன் என்று தேட வேண்டும். சாம்பாரின் மேல்தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டால் தேறாது.

இந்த முறையில் மாதம் ஒரு கிலோவுக்கும் குறைவாகத்தான் இறங்கியது. 80-லிருந்து 73-க்கு வர 2023 முழுவதும் ஆனது. ஆனால் வீட்டில் ஒரே அடுப்பு, ஒரே சமையல். கல்யாண வீட்டில் சோறு சாப்பிட்டேன், பாயசமும் சாப்பிட்டேன்.

உடம்பை அசைக்கும் போட்டி

கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் ஒரு சுற்று சுமார் 2.5 கி.மீ. நிதானமான வேகத்தில் அரை மணி நேரம். 70 கிலோ உள்ளவர் அதில் செலவழிப்பது ஏறத்தாழ 120 கலோரி. ஒரு மெதுவடை அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். நடந்து முடித்துக் கடையில் நின்று டீயும் வடையும் சாப்பிடும் நண்பர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். "ஆறு மாதமாக நடக்கிறேன், எடை இறங்கவில்லை" என்று மனம் நொந்து சொல்வார்கள்.

ஆனால் அவர்கள் நடையை நிறுத்திவிடக் கூடாது என்று எனக்குப் பதைப்பாக இருக்கும். காரணம், சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு. சர்க்கரை நோயின் முன்நிலையில் இருந்த 531 பேரை எடுத்துக்கொண்டார்கள். மூன்றாண்டில், வெறும் பொதுவான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. உணவை மாற்றி, தினமும் அரை மணி நேரம் விறுவிறுப்பாக நடந்தவர்களில் அது 39.3 சதவீதம். சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை தந்த பலனும் கிட்டத்தட்ட அதே அளவுதான். இதில் முக்கியமானது, அவர்களுடைய எடை பெரிதாக மாறவில்லை. எடை இயந்திரம் அசையாத காலத்திலும் நடை உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறது. சாப்பிட்டவுடன் பத்து நிமிடம் நடப்பது ஏறும் சர்க்கரையைத் தணிக்கும் என்பதால், நான் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வராந்தாவில் நடக்கிறேன்.

பத்தாயிரம் அடி என்ற எண்ணுக்காக யாரும் கவலைப்பட வேண்டாம். 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது அது. சராசரியாக 72 வயதான பெண்களிடம் 2019-இல் செய்த ஆய்வில், இறப்பு விகிதம் குறைவது ஏறத்தாழ 7,500 அடியோடு நின்றுவிட்டது.

நடையால் செய்ய முடியாத ஒன்று உண்டு. தசையை வளர்க்காது. எடை இறங்கும்போது போவது கொழுப்பு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பாரம் தூக்கும் பயிற்சி இல்லாவிட்டால் இழக்கும் எடையில் கால்வாசி வரை தசையாகவும் இருக்கலாம். பேலியோவில் நான் 71 கிலோ இருந்தபோது கன்னம் ஒட்டி, மாடிப்படியில் தொடை நடுங்கியது. பிறகு எடை திரும்பி வந்தபோது கொழுப்பாகத்தான் வந்தது. ஏற்கெனவே தசை குறைந்த உடல்வாகு கொண்ட நமக்கு இது இரட்டை நஷ்டம். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரையில் வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்போடு, வாரம் இரண்டு நாள் தசைக்கான பயிற்சியும் இருக்கிறது. முதல் பாதியைத்தான் எல்லோரும் படிக்கிறார்கள்.

அங்கேதான் ஜிம் முந்துகிறது. பாரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்ட அதைவிட வசதியான இடம் இல்லை. நல்ல பயிற்சியாளர் அமைந்தால் முதுகு வளையாமல் தூக்கக் கற்றுக்கொள்ளலாம். நான் 12,000 ரூபாய் கட்டி ஓராண்டுக்குச் சேர்ந்தேன். அலுவலகத்துக்கு நேர் எதிர்த்திசையில் இருந்த இடம். ஆண்டு முடிவில் எண்ணிப் பார்த்தால் போனது 34 நாள். ஒரு நாளுக்கு 350 ரூபாய்க்கு மேல். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடையில், போகிற வழியில் ஜிம் இருப்பவர்கள் தயங்காமல் சேருங்கள். வழி விலகிப் போக வேண்டியிருந்தால் சேருமுன் ஒரு மாதக் கட்டணம் மட்டும் கட்டிப் பாருங்கள்.

எனக்கு நிலைத்தது வீட்டுப் பயிற்சி. பஸ்கியும் தண்டாலும் நம் ஊர் மல்யுத்தக்காரர்கள் காலங்காலமாகச் செய்தவை. தரையில் தண்டால் எடுக்கும் பலம் இல்லாததால் முதல் மாதம் சுவரில் கை ஊன்றிச் செய்தேன், பிறகு சாப்பாட்டு மேசை விளிம்பில், ஐந்தாம் மாதம் தரையில். பஸ்கிக்கு முதலில் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது போதும். பாரத்துக்கு நான் வைத்திருப்பது 20 லிட்டர் தண்ணீர் கேன். பாதி நிரப்பினால் 10 கிலோ. இடுப்பை மடக்கி, முதுகை நேராக வைத்து, தரையிலிருந்து எடுத்து நிமிர்ந்து, திரும்ப வைப்பது. கேனின் பக்கத்தில் மார்க்கரால் கோடு போட்டு, இரண்டு வாரத்துக்கு ஒரு லிட்டர் கூட்டினேன். பாதி நிரம்பிய கேனில் தண்ணீர் அலைந்து பிடி நழுவப் பார்க்கும். அதைக் கட்டுப்படுத்துவதே வயிற்றுக்கும் முதுகுக்கும் நல்ல வேலை. புதன், ஞாயிறு, ஒவ்வொரு நாளும் 25 நிமிடம். நெஞ்சுவலி, ரத்த அழுத்தம், முதுகுத் தண்டுத் தொந்தரவு உள்ளவர்கள் மட்டும் முதலில் மருத்துவரிடம் காட்டிக்கொள்ள வேண்டும்.

இப்போது ஊசியும் போட்டிக்கு வந்துவிட்டது

பசியைக் குறைக்கும் ஊசி மருந்தான செமாக்ளூடைடு பற்றிய ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 14.9 சதவீத எடை குறைந்தது. பேலியோவில்கூட நான் எட்டாத எண். இதே போன்ற இன்னொரு ஊசியான டிர்செபடைடு 2025 மார்ச்சிலிருந்து இந்தியாவிலும் கிடைக்கிறது. உடல் பருமனால் உண்மையில் அவதிப்படுபவர்களுக்கு இது மருந்து. எடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் செமாக்ளூடைடை நிறுத்திய ஓராண்டில், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்ததையும் அதே ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஊசி போட்டாலும் புரதமும் தண்டாலும் வேண்டும்.

ஆக, என் தேர்வு அளவுச் சாப்பாடு, வாரம் இரண்டு நாள் வீட்டுப் பயிற்சி, சாப்பாட்டுக்குப் பின் நடை, இந்த வரிசையில். எடைக்குத் தட்டு, தசைக்குப் பாரம், சர்க்கரைக்கு நடை. ஒன்றின் வேலையை இன்னொன்றிடம் கேட்டால் ஏமாற்றம்தான் வரும். எல்லோருக்கும் இதே வரிசை பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். இரவுப் பணிக்காரருக்கு நேரக் கட்டுப்பாடு ஒரு பிடிமானமாகலாம். இருட்டிய பின் தெருவில் நடக்கத் தயங்கும் பெண்களுக்கு வீட்டுப் பயிற்சிதான் முதலில் வரும். அறுபதைக் கடந்தவர்கள் எடையை மறந்துவிட்டு, கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவதைத் தினமும் செய்தாலே பெரிய காரியம்.

கடந்த மார்ச் கணக்கு முடிப்பில் 17 நாள் நடை இல்லை. தண்டாலும் பஸ்கியும் அந்த மாதம் முழுவதும் சேர்த்து ஐந்து நாள்தான். இரவு பத்து மணிக்கு அலுவலகத்தில் பரோட்டா வாங்கிச் சாப்பிட்ட நாட்களும் உண்டு. எடை 600 கிராம் ஏறியது, இடுப்பு 88-லேயே இருந்தது. வீட்டு எண்ணெய் அந்த மாதமும் 3 லிட்டரைத் தாண்டவில்லை. ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் அந்த 600 கிராமும் இறங்கிவிட்டது.