மூக்கா, இறக்கை நுனியா, அடிவயிறா: விமானத்தை எதை வைத்து அடையாளம் காண்பது?

பொழிச்சலூரில் எங்கள் மொட்டை மாடியில் நின்றால் சென்னை விமான நிலையத்துக்கு வந்து போகும் விமானங்களின் அடிப்பக்கம்தான் முதலில் கண்ணில் படும். லீவுக்கு வரும் அக்கா மகன் நாள் முழுக்க ஒரே கேள்வியைக் கேட்பான்: "மாமா, இது ஏர்பஸ்ஸா, போயிங்கா?" அவனுக்குச் சரியாகப் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் ஒவ்வொரு அடையாளமாக எடுத்துப் பழகிப் பார்த்தேன். இப்போது எல்லாவற்றுக்கும் முன்னால் அடிவயிற்றைத்தான் பார்க்கிறேன்.

பெயர் ‘ஏ’ என்று தொடங்கினால் ஏர்பஸ், 737, 747, 777, 787 என்று ஏழில் தொடங்கி ஏழில் முடிந்தால் போயிங். நான்கு இன்ஜின் இருந்தால் 747, ஏ340, ஏ380 என்று சுருங்கிவிடும். அதில் பெரிய குழப்பம் இல்லை. கம்பெனியின் நிறத்தை நம்பினால் மாட்டிக்கொள்வோம். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 2024 அக்டோபரில் ஏஐஎக்ஸ் கனெக்ட்டை (முன்பு ஏர்ஏசியா இந்தியா) தன்னோடு இணைத்துக்கொண்டதிலிருந்து அந்த ஒரே பெயரில் 737உம் பறக்கிறது, ஏ320உம் பறக்கிறது. பறக்கும் விமானம் எது என்று காட்டும் ஃப்ளைட்ரேடார் செயலியில் நொடியில் விடை கிடைக்கும். நான் சொன்னது சரியா என்று பார்க்க அதைத் திறப்பேன். முதலில் கண்ணால் சொல்லிவிட வேண்டும்.

பலரும் முதலில் கற்றுத்தருவது மூக்கு. ஏ320க்கு உருண்டை மூக்கு, 737க்குக் கூர்மையானது. 737இன் விமானி அறைப் பக்கவாட்டுக் கண்ணாடி கீழே ‘வி’ போலச் சரிந்திருக்கும். ஏ350க்குக் கண்ணாடிகளைச் சுற்றிக் கறுப்பு முகமூடி. பரங்கிமலை மேல் நின்று பக்கவாட்டில் பார்ப்பவருக்கு இது நல்ல வழி. தலைக்கு மேல் போகும் விமானத்தில் விமானி அறைக் கண்ணாடி எங்கே தெரிகிறது?

இறக்கை நுனி கீழிருந்தும் தெரியும். ஆனால் அது மாறிக்கொண்டே இருக்கிறது. பழைய ஏ320இல் மேலும் கீழும் நீளும் சின்னத் தகடு. 2012 முடிவிலிருந்து வந்தவற்றில் மேல்நோக்கி நிமிர்ந்த உயரமான நுனி, அதற்குப் பெயர் ஷார்க்லெட். அதனால் ஷார்க்லெட்டைப் பார்த்தவுடன் புதிய இன்ஜின் கொண்ட நியோ ரகம் என்று சொல்லிவிட முடியாது. இரண்டாகப் பிளந்த நுனியைப் பார்த்து 737இன் புதிய ரகமான மேக்ஸ் என்று நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். செயலி அதற்கு முந்தைய ரகமான 737-800 என்றது. பழைய விமானத்துக்கும் அப்படிப்பட்ட நுனியைப் பிற்பாடு மாட்டிக்கொள்ளலாம்.

அடிவயிற்றுக்கு வருகிறேன். 737இன் பிரதான சக்கரங்களை மூடக் கதவு கிடையாது. காலை மடக்கிய பிறகும் சக்கரத்தின் வெளிப்பக்கம் திறந்தேதான் இருக்கும். எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் வெள்ளை வயிற்றின் நடுவில் அக்கம்பக்கமாக இரண்டு கறுப்பு வட்டம், தோசைக்கல் இரண்டைப் பதித்து வைத்த மாதிரி. ஏ320இன் சக்கரம் உள்ளே போனதும் கதவு மூடிக்கொள்ளும். வயிறு வழவழவென்று இருக்கும். வெயில் கண்ணைக் கூசினாலும், பைனாகுலர் கையில் இல்லாவிட்டாலும் இது தெரிகிறது. அக்கா மகன் இரண்டே நாளில் பிடித்துக்கொண்டான். "மாமா, ரெண்டு வட்டம்!" என்று மாடிப்படியிலிருந்தே கத்துவான்.

நான் இதைப் பிடித்துக்கொண்டதற்கு இன்னொரு காரணம், இது மாறவே இல்லை. 1967இல் முதன்முதலில் பறந்த 737இலும் அப்படித்தான், இன்றைய மேக்ஸிலும் அப்படித்தான். வசதி குறைந்த விமான நிலையங்களில் ஏணியும் தூக்கும் வண்டியும் இல்லாமல் சாமான் ஏற்ற வேண்டும் என்று அதைத் தரைக்கு நெருக்கமாக, குட்டைக் காலோடு வடிவமைத்தார்கள். சக்கரக் கதவைத் தவிர்த்ததால் எடையும் குறைந்தது, சிக்கலும் குறைந்தது. பின்னாளில் பெரிய இன்ஜின் மாட்டியபோது அடியில் இடம் போதாமல் அதன் வாயைத் தட்டையாக்க வேண்டியிருந்ததும் அந்தக் குட்டைக் காலால்தான். ஏ320 இருபது வருடம் கழித்து, 1987இல், உயரமான காலோடு வந்தது.

காற்றையும் கவனிக்க வேண்டும். மேற்குக் காற்று அடிக்கும் நாளில் விமானங்கள் எங்கள் பக்கமாக ஏறும். சக்கரம் மடங்கி வட்டம் துலக்கமாகத் தெரியும். கிழக்குக் காற்றில் எங்கள் தலைக்கு மேலாக இறங்கும். அப்போது சக்கரம் கீழே தொங்கும். அப்போதும் 737இன் வயிற்றில் சக்கரம் இருந்த இடம் பள்ளமாகத் திறந்திருக்கும். ஏ320 காலை நீட்டிய கையோடு பெரிய கதவைத் திரும்ப மூடிவிடும். கொஞ்சம் பழகினால் பிடிபடும். அதிலும் சந்தேகம் வந்தால் வாலைப் பார்ப்பேன்: 737இன் செங்குத்து வால் முதுகைத் தொடும் இடத்தில் முன்பக்கம் ஒரு சரிவு தனியாக நீண்டிருக்கும், ஏ320இல் அது இல்லை.

பெரிய விமானங்கள் இறங்கும்போது சக்கரத்தை எண்ணலாம். எமிரேட்ஸின் 777 வந்தால் ஒவ்வொரு பிரதான காலிலும் ஆறு சக்கரம் வரிசையாகத் தொங்கும். இரண்டு இன்ஜின் விமானங்களில் ஏ350-1000க்கும் ஆறுதான். ஆனால் ஏ330, 787, ஏ350-900 மூன்றுக்கும் நான்கு நான்கு. அங்கே அடிவயிறு கைகொடுக்காது, இறக்கை நுனிக்குத்தான் திரும்ப வேண்டும். 787இன் நுனி தகடு எதுவும் இல்லாமல் பின்னோக்கிக் கத்தி போல மெலிந்துபோகும். அதன் இன்ஜின் பின்விளிம்பில் ரம்பப் பல்லும் உண்டு. ஏ350இன் நுனி மேலே சுருண்டு வளையும். பழைய ஏ330க்கு மடித்து நிமிர்த்திய நுனித்தகடு, அதாவது விங்லெட். ஏ330நியோவின் நுனியும் வளைந்துதான் இருக்கும், முகமூடியும் உண்டு, அதனால் ஏ350ஓடு குழம்பும்.

ஏ319, ஏ320, ஏ321 மூன்றையும் வயிற்றை வைத்துப் பிரிக்க முடியாது. நீளத்தையும் கதவுகளையும் பார்த்துத்தான் சொல்கிறேன், அதிலும் சில நாள் தவறுகிறது. எம்ப்ரயர் கம்பெனியின் சிறிய விமானமான ஈ175 இன்னொரு சிக்கல், அதன் சக்கரமும் மூடாமல் வெளியே தெரியும். அந்த ரகத்தில் ஸ்டார் ஏர் கம்பெனியின் விமானம் ஒன்றைப் பெங்களூரில் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் ஏ320 நின்றதால் சின்னது என்று உடனே தெரிந்தது. உயரத்தில் தனியாகப் போகும்போது 737இலிருந்து அதைப் பிரித்துச் சொல்லும் அளவுக்கு எனக்கு இன்னும் பழக்கம் வரவில்லை.