பழைய இன்னோவாவில் ஸ்டீயரிங் ஆயில் கசிவு: ஊரில் பட்டறைக்கு விடும் முன்

லீவில் ஊருக்கு வருகிறவர்கள் எடுத்து ஓட்டும் வீட்டு வண்டி, வருஷத்தில் பல மாதம் ஷெட்டில் நின்ற வண்டியாகத்தான் இருக்கும். 2005-ல் இந்தியாவுக்கு வந்த முதல் தலைமுறை இன்னோவா இன்னமும் ஊர்ப்பக்கம் நிறைய ஓடுகிறது. அதில் இருப்பது ஆயிலில் இயங்கும் பவர் ஸ்டீயரிங். வண்டி சும்மா நின்றால் ரப்பர் ஹோஸில் வெடிப்பு விழும், ஆயில் வெளியேறாமல் தடுக்கும் ரப்பர் சீல் இறுகும், எலியும் கடிக்கும். வீட்டில், "ஆயில் குறையுது, அப்பப்ப ஊத்திக்கிறோம்" என்பார்கள். அப்படி ஊற்றியே ஓட்டி ஒருநாள் ஆயில் டப்பா வற்றினால், ஆயிலை அழுத்தித் தள்ளும் பம்ப் தேய்ந்து, இரும்புத் தூள் முன்சக்கரங்களைத் திருப்பும் ரேக் வரை போய்விடும்.

பெரிய சர்வீஸ் சென்டரில் எடுத்த எடுப்பில் "ரேக் அசெம்பிளியே மாத்தணும்" என்கிறார்கள். தெருமுனைப் பட்டறையில், ரேக்கை வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் சீல்களை மட்டும் மாற்றுவதாக, "சீல் கிட் போட்டுடலாம் சார்". வண்டியின் அடிப்பக்கத்தைத் துடைத்துப் பார்க்காமல் சொல்லும் இரண்டையும் ஒத்துக்கொள்ள வேண்டாம். பல வருஷ அழுக்கோடு ஆயில் படிந்திருந்தால் கசிவு எங்கே தொடங்குகிறது என்று யாருக்கும் தெரியாது. காற்றில் பின்னோக்கிப் பறந்து எல்லா இடமும் நனைந்திருக்கும்.

டீசலோ கெரசினோ தொட்டுக் கழுவி, நன்றாக உலர்த்தி, இணைப்புகளின் மேல் டால்கம் பவுடர் தூவச் சொல்லுங்கள். டப்பாவில் அளவு சரியாக இருக்க, என்ஜினை ஓடவிட்டு ஸ்டீயரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருப்ப வேண்டும். கடைசியில் 5 விநாடிக்கு மேல் பிடித்து வைக்கக் கூடாது. அழுத்தம் ஏறிப் பம்ப் சூடாகும். ஸ்டீயரிங் ஆயில் சிவப்பு. பவுடரில் முதலில் எங்கே சிவப்பு ஊறுகிறதோ அதுதான் இடம். திருப்பும்போது மட்டும் நனைந்தால், பம்பிலிருந்து ரேக்குக்கு அழுத்தத்தோடு ஆயில் போகும் பிரஷர் ஹோஸ் பக்கம். வண்டியை அணைத்தபின் சொட்டி, ஓடும்போது டப்பாவில் நுரை கட்டி "ங்ங்" என்று சத்தம் வந்தால், டப்பாவிலிருந்து பம்புக்குப் போகும் உறிஞ்சு ஹோஸோ அதன் ரப்பர் வளையமான ஓ-ரிங்கோ காற்றை இழுக்கிறது. வெளியே ஒன்றும் தெரியாமல் அளவு குறைந்தால் ரேக்கின் இரு முனை டஸ்ட் கவர்களின் கிளிப்பைத் தளர்த்திப் பாருங்கள். உள்ளே ஆயில் தேங்கியிருந்தால் ரேக் சீல் போய்விட்டது. சில டீசல் என்ஜின்களில் பம்ப் பெல்ட்டில் ஓடாமல் முன்பக்க கியரில் ஓடும். அங்கே ஷாஃப்ட் சீல் போனால் சொட்டே விழாது, ஆயில் என்ஜினுக்குள் போய்விடும்.

ரேக்கிலிருந்து டப்பாவுக்கு ஆயில் திரும்பும் ரிட்டர்ன் ஹோஸ் சின்ன வேலைதான், ஆனால் கெடுப்பதும் அதில்தான். கையில் கிடைத்த ரேடியேட்டர் ஹோஸை வெட்டி மாட்டுவார்கள். அந்த ரப்பர் ஆயிலில் ஊறி உப்பிக் கழன்றுவிடும். ஆயில் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்க வேண்டும். பிரஷர் ஹோஸுக்கு ஜேசிபி, டிராக்டர் ஹோஸ் கட்டும் கடைகள் சின்ன ஊரிலும் இருக்கின்றன. அழுத்தம் தாங்கும், என்ஜின் சூடு தாங்குமா என்பதைத்தான் கேட்க வேண்டும், சாதாரண ஹைட்ராலிக் ஹோஸ் 100 டிகிரிக்கே ஆனது. இணைப்பு போல்டின் இரண்டு காப்பர் வாஷரையும் புதிதாகவே போட வேண்டும்.

ரேக்கை இறக்கினால், சீல் கிட் போடுமுன் உள்ளிருக்கும் ராடை நீங்களே கண்ணால் பாருங்கள். டஸ்ட் கவர் கிழிந்து மழைத்தண்ணீரும் சேறும் போன வண்டியில் ராடின் பளபளப்பில் கடுகளவு துருக்குழிகள் இருக்கும். நகத்தால் உரசினால் தட்டும். அதன்மேல் எந்தக் கம்பெனி சீல் போட்டாலும் சில மாதத்தில் அறுத்துவிடும். ராடுக்குக் கெட்டியான குரோம் முலாம் பூசும் ஹார்ட் குரோம் செய்ய வேண்டும், இல்லையென்றால் வேறு ரேக். சென்னையில் புது உதிரிபாகத்துக்கு ஜி.பி. ரோடு, பழையதற்குப் புதுப்பேட்டை. பழைய ரேக் வாங்கினால் கவரைக் கழற்றி ராடைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். கனடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ ரேக் கொண்டுவரும் யோசனை வேண்டாம். அங்கே ஸ்டீயரிங் இடப்பக்கம்.

இறக்கும் முன் டயரை நேராக வைத்து, ஸ்டீயரிங்கை சீட் பெல்ட்டால் கட்டிவிடச் சொல்லுங்கள். ரேக் இல்லாதபோது அது சுற்றினால் ஏர்பேக், ஹாரனுக்குப் போகும் சுருள் கேபிள் அறுந்துபோகும். ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் மரையிலும், பழைய இடத்திலேயே திரும்ப மாட்ட, பெயின்ட் குறி வேண்டும். மாட்டியபின் வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

ஆயில் டெக்ஸ்ரான் 2 அல்லது 3 ஏ.டி.எஃப்., அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில். பிரேக் ஆயில் ஒரு மூடி ஊற்றினாலும் சீல்கள் உப்பிப் பாழாகும். பழையதை அலசி எடுக்க 2 லிட்டர் வாங்கி வைத்தால் போதும். ஆயிலில் சிக்கிய காற்றை வெளியே எடுக்க முன்சக்கரங்களைத் தூக்கி, என்ஜினை அணைத்தபடியே 20 தடவை கடைசிக்குக் கடைசி திருப்பி, அளவு குறையக் குறைய ஊற்ற வேண்டும். அப்புறம்தான் ஸ்டார்ட். பல பட்டறைகளில் நேரே ஸ்டார்ட் செய்துவிடுகிறார்கள். ஆயில் நுரைத்துப் போகிறது.

சீல் கிட் ஒருநாள் வேலை. ஹார்ட் குரோம் என்றால் ராட் வெளியே போய் வர நாளாகும். அதனால் குலதெய்வம் கோயில் பயணத்துக்கு முந்தின நாள் விடாமல், வந்து இறங்கிய வாரமே விடுங்கள். பாகம், கூலி, லேத், அலைன்மென்ட் எனத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள், கழற்றிய பாகத்தையும் கேளுங்கள். 100 கிலோமீட்டர் ஓட்டியபின் இரவு வண்டிக்கடியில் அட்டை விரித்து வையுங்கள். காலையில் சிவப்புப் பொட்டு இருந்தால், ஊரில் இருக்கும்போதே திரும்பக் கொண்டுபோய்க் காட்டிவிடலாம்.