தையல் இயந்திர மோட்டார்: பக்கவாதத்திற்குப் பின் இரண்டாண்டுப் பயன்பாடு

கிருஷ்ணகிரி மாவட்டக் காவேரிப்பட்டணத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக ரவிக்கை தைத்து வந்த எனக்கு 2022ஆம் ஆண்டு மாசி மாதத்தில் பக்கவாதம் வந்து, இடது கையும் இடது காலும் செயலிழந்தன. கம்பு ஊன்றி நடக்க எட்டு மாதங்கள் ஆயின. ஆனால் தையல் இயந்திரத்தை மிதிக்கும் வலு இடது காலுக்குத் திரும்பவில்லை. வலது காலால் மட்டும் மிதித்துப் பார்த்தபோதெல்லாம் சக்கரம் பின்னோக்கிச் சுழன்று நூல் சிக்கிக்கொண்டது. இயந்திரத்தை விற்றுவிடலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்த நாள்களில்தான் இந்த மோட்டாரை வாங்கினேன்.

பழைய கறுப்பு இயந்திரத்தின் பின்புறம் திருகாணியால் பொருத்தும் சிறிய மோட்டார், ஒரு பெல்ட், காலால் அழுத்தும் ரெகுலேட்டர் ஆகிய மூன்றும் சேர்த்து 2023இல் 1,650 ரூபாய் ஆயின. பொருத்துவதற்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ரெகுலேட்டரை வலது கால் பக்கம் வைத்துக்கொண்டால் இடது காலுக்கு வேலையே இல்லை. அன்று மாலை ஒரு பழைய தலையணை உறையின் ஓரத்தை முழுதாகத் தைத்து முடித்தேன். ஓராண்டுக்கும் மேலாக நான் தொடங்கி முடித்த முதல் வேலை அதுதான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ரெகுலேட்டரை இலேசாகத் தொட்டாலே ஊசி பாய்கிறது. இரு கைகளும் நன்றாக உள்ளவர்கள் துணியைப் பிடித்துச் சமாளித்துவிடுவார்கள். ஒரு கை வலுவிழந்தவருக்கு அது விரலில் ஊசி ஏறும் ஆபத்து. விற்ற கடையில் இதைப்பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. முதல் இரண்டு வாரங்கள் ஊசியில் நூல் கோர்க்காமல், வெறும் தாளில் கோடு போட்டு ஓட்டிப் பழகினேன். ரெகுலேட்டர் சிமெண்டுத் தரையில் நழுவுவதால் அடியில் ரப்பர் விரிப்பு ஒன்றையும் ஒட்ட நேர்ந்தது. தடித்த துணியில் ஊசி நின்றுபோனால் மேலும் அழுத்தாமல், கைச்சக்கரத்தை வலது கையால் ஒரு சுற்று திருப்பிவிட்டுப் பிறகு அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் மோட்டார் சூடேறிவிடும். உள்ளே இருக்கும் கார்பன் துண்டுகளை இதுவரை ஒருமுறை மாற்றியிருக்கிறேன்.

நம் மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிற்கே வந்து பயிற்சி அளித்த இயன்முறை மருத்துவர், நான் தைப்பதைப் பார்த்துவிட்டு, "அக்கா, அந்தக் கையை மடியிலேயே வெச்சிக்காதீங்க, துணி மேல வெச்சுப் பழகுங்க" என்றார். மடங்கிய விரல்களை நீவி விரித்துத் துணியின் மேல் ஒரு பாரம் போல வைத்தேன். இன்றும் அந்தக் கை துணியை இழுக்காது. ஆனால் விலகாமல் பிடித்துக்கொள்கிறது. அடிநூல் சுற்றிய பாபினை மாட்டுவதற்கு மட்டும் மகளின் உதவி தேவைப்படுகிறது.

அந்த இயன்முறை மருத்துவர் கேட்டுக்கொண்டதால்தான் என்னைப் போன்ற இன்னொருவருக்கு ரவிக்கை தைத்தேன். உடுத்தும்போது வலுவிழந்த கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியாக எடுக்க வேண்டும் என்பது பயிற்சியில் சொல்லித்தரும் பாடம். வழக்கமான ரவிக்கையில் இறுகிய கையை வளைத்து நுழைப்பது வேதனை என்பதை என் உடம்பே அறியும். எனவே அந்தப் பக்கத்து ரவிக்கைக் கையின் தையலையும் விலாத் தையலையும் முழுவதும் திறந்துவிட்டு, கொக்கிகளுக்குப் பதில் வெல்க்ரோ பட்டை வைத்தேன். சொரசொரப்பான பாதி தோலில் படாதவாறு வெளிநோக்கி இருக்க வேண்டும். துவைக்கும் முன் ஒட்டி மூடிவிட வேண்டும். பசை தடவிய பட்டையைத் தைத்தால் ஊசியில் பசை ஏறி நூல் அறுந்துகொண்டே இருக்கும் என்பதால், பசையில்லாத பட்டையைக் கேட்டு வாங்குகிறேன். பர்கூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மூதாட்டி இரண்டு ஆண்டுகளாக மகனின் சட்டையையே அணிந்திருந்தார். ரவிக்கையை அணிந்து பார்த்தபின், பெட்டியில் இருக்கும் பட்டுப்புடவைக்கும் ஒன்று தைத்துத் தரும்படி கேட்டார். முன்பு முகூர்த்த மாதங்களில் நாளொன்றுக்கு ஆறு ரவிக்கைகள் தைத்தவள் நான். இப்போது ஒன்று முடிந்தால் அதிகம். ஆனால் அந்த ஒன்றுக்காகக் காத்திருப்பவர்களை நான் முன்பு அறிந்ததே இல்லை.

ஒரு காலாவது மெல்ல அழுத்தவும் விடவும் பழகியிருந்தால் இந்த மோட்டாரைத் தயங்காமல் வாங்கலாம். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மாற்றுத்திறனாளிகளுக்கு மோட்டார் பொருத்திய தையல் இயந்திரத்தை அரசே வழங்கும் திட்டமும் உள்ளது. அடையாள அட்டை வைத்திருப்பவர்கள் கையிலிருந்து பணம் போடுவதற்கு முன், ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். நான் வாங்கிய பிறகுதான் இதைக் கேள்விப்பட்டேன்.