டிஃப்டன் 85 "விதை" என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிஃப்டன் 85 என்கிற பெர்முடா புல் (நம்ம அருகம்புல் இனம்தான்) ரகத்துக்கு விதை கிடையாது. அது இரண்டு வகைகளைச் சேர்த்து உருவாக்கி 1993-இல் வெளியிட்ட ஒட்டுரகம், 45 குரோமோசோம்கள், சரிபாதியாகப் பிரியாத எண்ணிக்கை, அதனால் கதிர் வந்தாலும் முளைக்கிற விதை பிடிக்காது. கரணையாக, அதாவது கணுவுள்ள தண்டுத் துண்டாகத்தான் நடவேண்டும். மூட்டையில் கட்டி யார் கொண்டுவந்து கொடுத்தாலும் அது வேறு புல்தான். இது எனக்குத் தெரியாமல் போனதால் ஆறு ஏக்கரில் மூன்று வருஷம் போய்விட்டது.

மாடு மேயவும் வேண்டும், மிஞ்சுவதை அறுத்துக் காயவைத்துக் கட்டிவைக்கவும் வேண்டும் என்றுதான் புல் தேடினேன். மற்ற பெர்முடா வகைகளைவிட இது மாட்டுக்கு நன்றாகச் செரிக்கும், மகசூலும் அதிகம் என்று படித்து முடிவு செய்திருந்தேன். கரணை நடுவது பெரிய வேலை என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஒரு விதை வியாபாரி, "அண்ணே, இப்போ அதுவே விதையா வந்திருச்சு, ஆளும் வேண்டாம் மெஷினும் வேண்டாம், தூவி விட்டா போதும்" என்றார். நம்பினேன். மூட்டையின் முகப்பில் கறுப்பு மையில் கையால் "டி 85" என்று எழுதியிருந்தது.

முதல் வருஷம் புல் நிமிர்ந்து முழங்கால் உயரத்துக்கு வந்தது. இரண்டு அறுப்பு எடுத்தேன், மாடும் நன்றாக மேய்ந்தது. சந்தோஷத்தில் தெரிந்தவர்கள் இரண்டு பேரிடம் சொல்லி, அவர்களும் அதே ஆளிடம் வாங்கினார்கள். என் பணம் போனதைவிட இதுதான் எனக்குத் தாங்கவில்லை, இந்தப் பதிவை எழுதுவதே அதனால்தான்.

இரண்டாம் வருஷம் மழை நன்றாகப் பெய்தது. இலையெல்லாம் பழுப்புப் புள்ளி விழுந்து, அடியிலிருந்து காய்ந்துகொண்டே வந்து, திட்டுத் திட்டாகப் புல் செத்தது. செத்த இடமெல்லாம் தரையோடு ஒட்டிய சாதா அருகம்புல் பரவிவிட்டது, அறுக்கிற கத்திக்கே எட்டாத உயரம். உரம் போட்டுப் பார்த்தேன், நோய் என்று நினைத்து மருந்தும் அடித்தேன்.

அப்புறம் உண்மையான டிஃப்டன் 85 வைத்திருக்கும் ஒருவர் அவர் வயலிலிருந்து ஒரு கைப்பிடி பிடுங்கித் தந்தார். என் புல்லையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதன் ஓடுதண்டு தீக்குச்சியைவிடத் தடிமன், இலை அகலம், கரும்பச்சை. என்னுடையது நூல் மாதிரி இருந்தது. பார்த்த அந்த நிமிஷமே புரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து காலி மூட்டையைத் தேடி எடுத்தேன். வாயைத் தைத்த நூலோடு மடித்து வைத்துத் தைத்த சீட்டு ஒன்று இருந்தது, அதை நான் பிரித்தே பார்க்கவில்லை. அதில் டிஃப்டன் என்ற சொல்லே இல்லை. ஜெயன்ட் என்கிற பெர்முடா வகையும் சாதா பெர்முடாவும் (சாதா அருகம்புல்தான்) கலந்த கலவை என்று போட்டிருந்தது. ஜெயன்ட் உயரமாக வளரும், ஆனால் மழை அதிகமான இடத்தில் இலை நோய் வந்து ஓரிரு வருஷத்தில் மெலிந்துவிடும், பிறகு சாதா புல்தான் மிஞ்சும். அதே சீட்டில் இன்னொன்றும் இருந்தது: விதைமேல் பூசிய பூச்சு 50 சதவீதம், சுத்தமான விதை 48, முளைப்புத் திறன் 85. அதாவது 10 கிலோ வாங்கினால் முளைக்கிற விதை 4 கிலோதான், மீதியில் பெரும்பகுதி வெறும் பூச்சு.

வியாபாரியைக் கேட்டேன். முதலில் மழை அதிகம் என்றார், பிறகு பராமரிப்பு போதாது என்றார், சீட்டைக் காட்டியதும் "டிஃப்டன் மாதிரின்னுதானே சொன்னேன்" என்றார். அதற்கப்புறம் போனை எடுப்பதில்லை.

விதையில் வருகிற பெர்முடா எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை. மழை குறைந்த இடத்தில், வெறும் மேய்ச்சலுக்கு, என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினால் பிழையில்லை. ஆனால் டிஃப்டன் 85 மட்டுமல்ல, 1943-இல் வந்த கோஸ்டல், குளிர் தாங்குவதற்காக 1978-இல் வந்த டிஃப்டன் 44, ஜிக்ஸ் எல்லாமே கரணையில் வளர்க்கிற ரகங்கள். காயவைத்துக் கட்டுவதுதான் முக்கியம் என்றால் ஜிக்ஸின் மெல்லிய தண்டு சீக்கிரம் காயும், டிஃப்டன் 85-இன் தண்டு தடிமன் என்பதால் அறுக்கும்போதே நசுக்கிவிட்டால்தான் சரியாகக் காயும். தண்டு ஈ இருக்கிற பகுதி என்றால் மெல்லிய தண்டு வகைகள்தான் அதிகம் அடிவாங்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

கரணை வாங்கினாலும் தாய் வயலை நேரில் போய்ப் பாருங்கள். குனிந்து, நடுவில் சாதா அருகு கலந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். தோண்டிய அன்றே, ஈரச்சாக்கு மூடி வரவேண்டும். வெயிலில் கொஞ்ச நேரம் கிடந்தாலே காய்ந்துவிடும். 5 செ.மீ. ஆழத்தில், நுனி மட்டும் வெளியே தெரிய நட்டு, மண்ணை அழுத்திவிட வேண்டும்.

இப்போது என் பெரிய தலைவலி அந்தச் சாதா அருகுதான். உழுது அழிக்க முடியாது. கலப்பை வெட்டுகிற ஒவ்வொரு துண்டிலும் கணு இருக்கிறது, ஒவ்வொரு கணுவும் புதுச்செடி. அதை முழுக்கச் சாகடிக்காமல் நல்ல ரகத்தை நட்டால் மறுபடியும் கலந்துவிடும். இந்தப் பருவம் ஒரு ஏக்கரை மட்டும் சுத்தம் செய்துகொண்டிருக்கிறேன்.

நான் சொல்லி வாங்கிய இரண்டு பேரிடமும் போய்ச் சீட்டைக் காட்டி மன்னிப்புக் கேட்டேன். ஒருவர் ஏற்கெனவே விதைத்துவிட்டார். இன்னொருவர் மூட்டை பிரிக்காமல் இருந்தது, மறுநாளே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தார்.